கனிமீடுக்குக் காற்று உண்டா? காவலூரில் 1972-ல் பார்த்தது என்ன?

கேள்வி இதுதான்: "போட்டித் தேர்வுக்கான ஒரு குறிப்பில், வியாழனின் நிலவான கனிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதை 1972-ல் தமிழ்நாட்டின் காவலூரில் கண்டுபிடித்தார்கள் என்று இருக்கிறது. இன்னொரு புத்தகத்தில் கனிமீடில் காற்று கிட்டத்தட்ட இல்லை என்று போட்டிருக்கிறது. எது சரி? அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலவின் காற்றையும் தரையையும் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்கிறார்கள்?"

இரண்டுமே பாதி சரி. கனிமீடுக்குக் காற்று உண்டு. ஆனால் 1972-ல் கண்டதாகச் சொன்ன காற்று அது இல்லை. அன்று சொன்ன அளவுக்கும் இன்று நமக்குத் தெரிந்த அளவுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். தேர்வில் கேட்டால் விடைக்குறிப்பில் இருப்பதை எழுதிவிட்டு வாருங்கள். ஆனால் உண்மையில் நடந்த கதை அந்த ஒரு வரியைவிடச் சுவையானது.

முதலில் அன்று என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கோளோ நிலவோ நகர்ந்துகொண்டே இருக்கும்போது, எப்போதாவது தொலைவில் இருக்கும் ஒரு விண்மீனுக்கு நேர்முன்னால் வந்து அதைச் சில நிமிடங்கள் மறைக்கும். நம் சந்திரன் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்த்தால், ஒளி குறைவதே தெரியாமல் சட்டென்று காணாமல் போகும். காரணம், சந்திரனில் சொல்லும்படியான காற்று இல்லை. விளிம்பு வந்ததும் ஒளி துண்டிக்கப்படுகிறது. காற்று இருந்தால் கதை வேறு. விளிம்பை நெருங்கும்போதே விண்மீனின் ஒளி அந்தக் காற்றுக்குள் நுழைந்து வளைகிறது, விரிகிறது. கீழே போகப்போகக் காற்று அடர்த்தியாவதால் வளைவும் கூடுகிறது. அதனால் நம்மிடம் வந்து சேரும் ஒளி படிப்படியாகக் குறையும். எவ்வளவு நேரத்தில், எந்த வேகத்தில் குறைந்தது என்பதை வைத்துக் காற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம்.

1972 ஜூன் 7 அன்று கனிமீடு அப்படி ஒரு விண்மீனை மறைத்தது. விண்மீன் பட்டியலில் அதன் பெயர் எஸ்.ஏ.ஓ. 186800. மறைப்பு தெரியும் பகுதிக்குள் இரண்டு இடங்கள் அமைந்தன: இந்தோனேசியாவின் ஜாவா தீவில் லெம்பாங், இங்கே வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர். காவலூரில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அப்போது வியாழன் தனுசு ராசியில், வானத்தின் தென்பாதியில் இருந்தது. வட நாடுகளின் பெரிய தொலைநோக்கிகளுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். காவலூர் நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் இங்கே நல்ல உயரத்தில் தெரிந்தது. காவலூர் வானாய்வகத்தை அமைத்த வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தத் தென்வானமும் ஒரு காரணம்.

விண்மீன் சட்டென்று மறையவில்லை, மெதுவாகத்தான் மறைந்தது என்று பதிவு காட்டியது. அதை வைத்து, கனிமீடின் தரையில் குறைந்தது ஒரு மைக்ரோபார் அளவு காற்றழுத்தம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அடுத்த ஆண்டு இந்திய, இந்தோனேசிய, மேலைநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மைக்ரோபார் என்பது பூமியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இங்கே அதை வெற்றிடம் என்போம். ஒரு நிலவுக்கு அது பெரிய செய்திதான்.

1977-ல் இன்னொரு வலுவான ஆதரவும் கிடைத்தது. யுங், மெக்எல்ராய் என்ற இருவர் கோட்பாட்டுக் கணக்கு ஒன்று போட்டார்கள். கனிமீடின் பனிக்கட்டியிலிருந்து வரும் நீராவியைச் சூரியனின் புற ஊதாக் கதிர் உடைக்கிறது; லேசான ஹைட்ரஜன் ஓடிவிடுகிறது, கனமான ஆக்சிஜன் தங்குகிறது. இப்படியே போனால் எவ்வளவு ஆக்சிஜன் சேரும்? விடை, கிட்டத்தட்ட அதே ஒரு மைக்ரோபார். கண்ணால் பார்த்ததும் காகிதத்தில் போட்டதும் ஒத்துப்போனால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் அந்தப் பக்கம் போனது. அதுவும் மறைப்பு முறையைத்தான் பயன்படுத்தியது, ஆனால் வேறு விதமாக. கப்பா சென்டாரி என்ற விண்மீன் கனிமீடுக்குப் பின்னால் போவதை விண்கலத்தின் புற ஊதாக் கருவி பார்த்தது. இங்கே ஒளி வளைவதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் போன்ற வாயுக்கள் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். காற்று ரொம்ப ரொம்ப மெலிதாக இருந்தாலும் விழுங்கியது தெரியும். ஆனால் எதுவும் விழுங்கப்படவில்லை. தரையருகே ஒரு கன சென்டிமீட்டரில் அதிகபட்சம் 150 கோடி மூலக்கூறுகள்தான் இருக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். 150 கோடி என்பது பெரிய எண்ணாகத் தெரியும். நாம் மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி இருக்கின்றன. ஒரு மைக்ரோபார் கதை அதோடு முடிந்தது.

அப்படியானால் காவலூரில் செய்தது வீண் வேலையா? அப்படிச் சொல்ல மாட்டேன். விண்மீனைவிடக் கனிமீடே பல மடங்கு ஒளிர்வது. அந்தப் பெரிய ஒளியின் மேல் விண்மீனின் சிறு பங்கு கூடுவதையும் குறைவதையும்தான் அளக்க வேண்டும். போதாததற்கு நம் தலைக்கு மேல் இருக்கும் பூமியின் காற்று அசைந்து ஒளியை நடுங்கவைக்கும். பக்கத்திலேயே வியாழனின் கண்கூசும் வெளிச்சம். பூமியிலிருந்து அன்று செய்த இந்த முறைக்கு எட்டியதே மைக்ரோபார் அளவிலான காற்றுதான். அதாவது முறையின் எல்லையில் நின்று அளந்தார்கள். எல்லையில் கிடைக்கும் விடையை அடுத்த கருவி வரும்வரை அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'கண்டுபிடிப்பு' என்று பாடப்புத்தகத்தில் ஏற்றிவிட்டது பின்னால் வந்தவர்களின் அவசரம்.

முறை மேல் குற்றம் இல்லை என்பதற்கு ப்ளூட்டோவே சாட்சி. 1988 ஜூனில் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் ப்ளூட்டோ ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்த்தார்கள். ஒளி மெதுவாகக் குறைந்து மெதுவாகக் கூடியது. 2015-ல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அங்கே போய் அளந்தபோது சுமார் 10 மைக்ரோபார். காற்று இருந்தது, முறை அதைச் சரியாகப் பிடித்திருந்தது.

காவலூருக்கு இதே முறையில் இன்னொரு அனுபவமும் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. கோள் வந்து சேர்வதற்கு முன்பே விண்மீன் ஒருமுறை மங்கியதை அதே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். அது யுரேனஸின் புதிய நிலவாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அமெரிக்கக் குழுவின் பதிவில் கோளின் இருபுறமும் ஒரே அளவு தூரத்தில் மங்கல்கள் இருந்தன. நிலவு என்றால் அப்படி இரண்டு பக்கமும் வராது, வளையம்தான் வரும். காவலூர் பார்த்தது யுரேனஸின் வளையத்தை. இங்கே அளவீடு அருமை, விளக்கம் மட்டும் பிசகியது. கனிமீடு விஷயத்தில் பிசகியது அளவீடே. என்னைக் கேட்டால் காவலூரின் பெருமையாகப் பாடப்புத்தகத்தில் முதலில் போட வேண்டியது இந்த யுரேனஸ் பதிவைத்தான்.

சரி, கனிமீடுக்குக் காற்று உண்டு என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறேன்? அதற்குத் தரைக்கு வர வேண்டும். இந்த மாதிரி நிலவுகளில் காற்றைப் பற்றிய விடையில் பாதி தரையில்தான் கிடக்கிறது.

தரை எதனால் ஆனது என்பதை அது திருப்பியனுப்பும் சூரிய ஒளியை வைத்துச் சொல்லலாம். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், சில அலைநீளங்களில் பள்ளம் தெரியும். தரை விழுங்கிய பகுதிகள் அவை. நீர்ப் பனிக்கட்டி, அகச்சிவப்பில் 1.5 மைக்ரான், 2 மைக்ரான் பக்கம் விழுங்கும். கனிமீடின் நிறமாலையில் அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பனிக்கட்டியை உறுதிசெய்ததும் அதே 1972-ல்தான். பள்ளத்தின் ஆழத்தையும் வடிவத்தையும் வைத்துப் பனித்துகள் எவ்வளவு பெரியது என்று கூடச் சொல்ல முடிகிறது. தரை கெட்டியா பொடியா என்பதற்கு வேறொரு வழி. கனிமீடு வியாழனின் நிழலுக்குள் போகும்போது தரை எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று வெப்பக் கதிரை வைத்து அளப்பார்கள். கட்டிப் பனி வெப்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு மெல்லத்தான் விடும். கனிமீடின் தரையோ நிழல் பட்டதும் கிடுகிடுவென்று குளிர்கிறது. அதனால் மேல்பரப்பு தளர்ந்த பொடி. கால் வைக்காமலே இது தெரிந்துவிட்டது.

அப்புறம் 1995-ல் ஒரு வினோதம். கனிமீடின் ஒளியில் 577, 627 நானோமீட்டர் அருகே இரண்டு மெல்லிய பள்ளங்களைக் கண்டார்கள். அவை ஆக்சிஜனுடையவை, அதிலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும் அடர்த்தியான ஆக்சிஜனுடையவை. மெலிந்த வாயுவில் அந்தப் பள்ளங்கள் வராது. ஆக்சிஜன் உறைய வேண்டுமானால் மைனஸ் 219 பாகை குளிர் வேண்டும். கனிமீடில் நண்பகல் வெப்பநிலை மைனஸ் 120 பாகை பக்கம். இந்தச் சூட்டில் (அங்கே அது சூடுதான்) தனி ஆக்சிஜன் உறைந்து கிடக்க முடியாது. எனவே பனிக்கட்டிக்குள் நுண்ணிய வெற்றிடங்களில் அது சிறைப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி ஓசோனின் தடயத்தையும் தரையில் பார்த்தது.

பனிக்கட்டிக்குள் ஆக்சிஜன் எப்படி வந்தது? வியாழனைச் சுற்றி மின்னூட்டம் பெற்ற துகள்களின் பெருங்கூட்டம் இருக்கிறது. வியாழன் பத்து மணி நேரத்தில் ஒருமுறை தன்னைச் சுற்றுகிறது. அதன் காந்தப்புலம் அந்தத் துகள்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. கனிமீடோ ஏழு நாளுக்கு ஒருமுறைதான் வியாழனைச் சுற்றுகிறது. ஆகவே துகள்கள் பின்னாலிருந்து வந்து நிலவின் மேல் மோதிக்கொண்டே இருக்கின்றன. மோதலில் நீர் மூலக்கூறு உடைகிறது, சில தரையிலிருந்து பிய்த்தெறியப்படுகின்றன. ஹைட்ரஜன் லேசு; கனிமீடின் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு என்பதால் அது தப்பிவிடும். பிய்ந்து வந்த நீராவி குளிர்ந்த தரையைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் தப்பவும் முடியாமல், ஒட்டவும் முடியாமல் தரைக்கும் மேலுக்குமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளும் ஆக்சிஜன்தான் கனிமீடின் காற்று. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது அபூர்வம் என்பதால் வளிமண்டலம் என்ற பெயர் அதற்குச் சற்றுப் பெரிய பெயர்தான்.

அதை நேரில் பார்த்தது ஹப்பிள். 1990-களின் நடுவில் எடுத்த புற ஊதா நிறமாலையில் 130.4, 135.6 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஒளிர்வது தெரிந்தது. இந்த அலைநீளங்களைப் பூமியின் காற்று விழுங்கிவிடும். காவலூரோ வேறெந்த மலையோ இருந்து பார்க்கவே முடியாது. நிறமாலையில் தெரியும் இந்த இரண்டு கோடுகளில் எது பளிச்சென்று இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மூலக்கூறை மோதி உடைத்தால் 135.6 ஓங்கும். தனி ஆக்சிஜன் அணுவோ நீராவியோ இருந்தால் 130.4-இன் பங்கு கூடும். அன்று 135.6 ஓங்கியிருந்தது. மூலக்கூறு ஆக்சிஜன் இருப்பது உறுதியானது. அழுத்தம், பூமியின் காற்றில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

1998-ல் ஹப்பிள் எடுத்த படங்களில் அந்த ஒளிர்வு இரண்டு பட்டைகளாக, துருவப் பக்கங்களில் தெரிந்தது. நம் பூமியின் துருவ ஒளி போலவே. காரணம் கனிமீடுக்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு. கலிலியோ விண்கலம் 1996-ல் கண்டது அது. சூரியக் குடும்பத்தில் வேறெந்த நிலவுக்கும் அப்படி இல்லை. இந்தப் பட்டைகளை வைத்துச் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வியாழனின் காந்தப்புலம் சாய்ந்திருப்பதால், கனிமீடைச் சுற்றியுள்ள புலம் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஆடுகிறது. துருவ ஒளிப் பட்டைகளும் கூடவே ஆட வேண்டும். கணக்குப்படி ஆறு பாகை ஆட வேண்டிய பட்டை இரண்டு பாகைதான் ஆடியது. தரைக்கடியில் மின்சாரம் கடத்தும் உப்புநீர்க் கடல் இருந்தால், அது எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கி ஆட்டத்தை அடக்கும். 2015-ல் இந்த வாதத்தை வெளியிட்டார்கள். காற்றின் ஒளிர்வைப் பார்த்து, தரையைத் தாண்டி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் கடல் இருப்பதைச் சொல்ல முடிகிறது என்றால் பாருங்கள்.

அதே 1998 படங்களை லோரன்ஸ் ரோத் குழுவினர் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கோடுகளின் விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. சூரியன் உச்சியில் இருக்கும் நடுப்பகுதியில் 130.4-இன் பங்கு கூடியிருந்தது. தனி ஆக்சிஜன் அணுவாக இருக்கலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கனிமீடு வியாழனின் நிழலில் இருந்தபோது 2018-ல் எடுத்த பதிவில் அணு ஆக்சிஜன் மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. மீதம் இருந்த விடை நீராவி. அந்துருண்டை திரவமாகாமலே கரைந்து மறைவதுபோல, நண்பகல் வெயிலில் பனி நேராக நீராவியாகிறது. கனிமீடு நகரும் திசைக்குப் பின்னால் இருக்கும் அரைக்கோளத்தின் நடுப்பகுதியில் ஆக்சிஜனைப்போல் 12 முதல் 32 மடங்கு நீராவி இருக்கும் என்று 2021-ல் எழுதினார்கள். மாலையானால் அது மறுபடி தரையில் படிந்துவிடும். யுங்கும் மெக்எல்ராயும் போட்ட கணக்கில் அளவு தப்பானாலும், பனி ஆவியாகிறது, ஹைட்ரஜன் போய் ஆக்சிஜன் தங்குகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

காற்று இப்படித் தரையையே நம்பி இருப்பது கனிமீடில் மட்டும் இல்லை. பக்கத்து நிலவான அயோவில் எரிமலைகள் கக்கும் கந்தக டையாக்சைடு உறைபனியாகப் படிந்திருக்கிறது. அது ஆவியாகித்தான் காற்றாகிறது. அயோ வியாழனின் நிழலுக்குள் போனதும் மைனஸ் 148 பாகையிலிருந்து மைனஸ் 168-க்கு இறங்கி, காற்றில் பெரும்பகுதி உறைந்து தரையில் விழுந்துவிடுகிறது. சனியின் டைட்டன் மட்டும் வேறு ரகம். அங்கே பூமியைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம், தடித்த நைட்ரஜன் காற்று. அங்கே சிக்கல் தலைகீழ்: காற்று தெரியும், தரை தெரியாது. புகைமூட்டத்தை ஊடுருவ ரேடார் வேண்டியிருந்தது, 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கவும் வேண்டியிருந்தது.

கனிமீடுக்குத் திரும்புவோம். 2021 ஜூன் 7 அன்று ஜூனோ விண்கலம் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அதைக் கடந்தது. காவலூர் மறைப்புக்கு நாள் தவறாமல் 49 ஆண்டு கழித்து, தற்செயல்தான். அதன் அகச்சிவப்புக் கருவி தரையில் உப்புகளையும் கரிமப் பொருள்களையும் கண்டது. உப்பு என்றவுடன் உள்ளிருக்கும் கடல் நினைவுக்கு வரும். தரையில் கிடப்பது கீழிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி துருவப் பகுதிப் பனியில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பார்த்தது. கனிமீடின் காந்தப்புலம் துகள்களைத் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. பனி அங்கேதான் அதிகம் அடிபடுகிறது. காந்தப்புலத்தின் வரைபடத்தை வேதியியலே தரையில் போட்டுக் காட்டியதுபோல் அமைந்துவிட்டது.

அடுத்தது ஜூஸ் விண்கலம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2023 ஏப்ரல் 14 அன்று ஏவியது. 2031-ல் வியாழனை அடைந்து, 2034-ல் கனிமீடைச் சுற்றத் தொடங்க வேண்டும். பூமியின் நிலவைத் தவிர வேறொரு நிலவைச் சுற்றிவரும் முதல் கலம் அதுவாகத்தான் இருக்கும். ரேடார் பனிக்கடியில் ஒன்பது கிலோமீட்டர் வரை பார்க்கும். மில்லிமீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களைப் பார்க்கும் சப்மில்லிமீட்டர் கருவி, நீராவிக்கு உரிய நிறமாலைக் கோட்டை நேராக அளக்கும்; அப்போது விகிதத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்காது. புற ஊதாக் கருவி, கனிமீடின் விளிம்புக்குப் பின்னால் விண்மீன்கள் போவதையும் பார்க்கப்போகிறது.